வீடு வாங்குமுன் கூரையைத் தட்டிப் பாருங்கள்

"வில்லங்கச் சான்று வாங்கியாயிற்று. மூலப் பத்திரத்தை வழக்கறிஞர் படித்துவிட்டார். வாஸ்து பார்ப்பவரும் வந்து, வாசல் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை முன்பணம் கொடுக்கப் போகிறேன், அத்தான்" என்றார் என் மைத்துனர். சென்னையில், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவில், சுமார் 35 ஆண்டுகளுக்கு முன் கட்டிய மாடி வீடு அது. இருபது ஆண்டுச் சேமிப்பு அதற்குள் போகப் போகிறது.

"எல்லாம் சரி, வீட்டை யார் பார்த்தார்கள்?" என்று கேட்டேன்.

"வங்கியிலிருந்து மதிப்பீட்டாளர் வருவாரே!" என்றார்.

பலரும் தவறுவது இங்கேதான். கொடுக்கும் கடனுக்கு அந்தச் சொத்து ஈடாகுமா என்று மதிப்பிடுவதே வங்கி மதிப்பீட்டாளரின் வேலை. கூரைக்குள் கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று சோதிப்பது அவர் பொறுப்பன்று. அதற்குக் கட்டடப் பொறியாளர் ஒருவரை நாமே அழைத்துச் செல்ல வேண்டும்.

அவர் முதலில் விரிசல்களைப் பார்ப்பார். பூச்சில் வலைபோல் ஓடும் மெல்லிய கீறல்கள் சிமெண்டு காயும்போது சுருங்கியதால் வந்தவை, அஞ்ச வேண்டியதில்லை. சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறி, விரல் நுனி நுழையும் அளவு பிளந்த விரிசல் வேறு வகை. அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியிருக்கலாம். கரிசல் மண் மழையில் நீரை உறிஞ்சிப் பருத்துக் கோடையில் சுருங்குவதால், அங்கே இது மிகுதி. விரிசல் இன்னும் வளர்கிறதா என்றறிய, அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி வைத்துச் சில மாதங்கள் பார்ப்பதுண்டு. சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். விற்பவர் அதுவரை காத்திருப்பாரா? ஆகவே, முன்பு அடைத்துப் பூசிய இடத்தைத் தேடுங்கள். அந்தப் பூச்சின்மேலும் விரிசல் விட்டிருந்தால், கண்ணாடித் துண்டு சொல்லவேண்டியதை அதுவே சொல்லிவிடும்.

விரிசலைவிட எனக்குக் கவலை தருவது கண்ணுக்குத் தெரியாத கம்பிதான்.

இரும்பு ஈரக் காற்றில் துருப்பிடிக்கும். அப்படியானால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி ஏன் துருப்பிடிப்பதில்லை? சிமெண்டு இறுகும்போது சுண்ணாம்பு நீரில் உள்ள அதே கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. அதனால் கான்கிரீட்டின் பி.எச். மதிப்பு 12.5-க்கு மேல் இருக்கும். இத்தகைய வலுவான காரத்தில் இரும்பின்மேல் மிக மெல்லிய ஆக்சைடுப் படலம் படிந்து காவலாக நிற்கிறது. ஆனால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு நுண்துளைகள் வழியே மெல்ல உட்புகுந்து, அந்தச் சுண்ணாம்பைக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றிக்கொண்டே வருகிறது. பள்ளி ஆய்வகத்தில் ஊதினால் சுண்ணாம்பு நீர் பால்போல் ஆகுமே, அதே வினைதான். பி.எச். 9-க்குக் கீழே இறங்கினால் படலம் அழிகிறது. துரு, தான் தோன்றிய இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். காரை பிளந்து பெயர்ந்து விழும்.

இந்த ஊடுருவலின் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பத்தாண்டில் 10 மி.மீ. சென்றால், 20 மி.மீ. செல்ல நாற்பது ஆண்டுகள் ஆகும். கம்பிக்குக் கீழே 20 மி.மீ. காரை வைக்க வேண்டிய இடத்தில் கொத்தனார் 10 மி.மீ. வைத்துவிட்டால், ஆயுள் பாதியாகக் குறைவதில்லை, கால் பங்காகிவிடுகிறது! கடற்காற்றின் உப்பிலுள்ள குளோரைடோ, காரம் குறையும்வரைகூடக் காத்திருப்பதில்லை. படலத்தை நேராகவே துளைத்துவிடும். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456 (2000) கடுமை மிகக் குறைந்த சூழலில் 20 மி.மீ. காரை கேட்கிறது, கடற்கரைச் சூழலுக்கு நேராக நிற்கும் பகுதிகளில் 45 மி.மீ. கேட்கிறது.

சோதனை எளிது. சிறு சுத்தியலால் கூரையின் அடிப்புறத்தைத் தட்டினால், நல்ல இடம் 'ணங்'கென்று ஒலிக்கும். உள்ளே பிளந்த இடம் 'பொத்'தென்று ஒலிக்கும். வீட்டுக்காரர் சம்மதித்தால், ஓரத்தில் சிறிது உடைத்து, புதிய முகத்தில் ஃபினாப்தலீன் கரைசலைத் தெளிக்கலாம். காரம் மிஞ்சியுள்ள பகுதி இளஞ்சிவப்பாகும். இழந்த பகுதி நிறம் மாறாது. கம்பி எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதே கேள்வி.

கூரைக்கு மட்டும் புதிதாக வெள்ளையடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். இயன்றால் பெருமழைக்கு மறுநாள் போய்ப் பாருங்கள். மின்கசிவுத் துண்டிப்பானின் சோதனைப் பொத்தானையும் அழுத்திப் பார்க்கலாம், செலவில்லாத வேலை.

மைத்துனர் பார்த்த வீட்டில், கூடமும் அறைகளும் நன்றாக ஒலித்தன. குளியலறையை ஒட்டிய கூரை மட்டும் 'பொத்'தென்றது. அங்கே உடைத்துத் தெளித்தபோது, கம்பியையும் தாண்டி நிறமே வரவில்லை. பழுதுபார்க்கும் செலவை விலையில் கழிக்க விற்பவர் முதலில் மறுத்தார். மற்ற இடத்தில் எடுத்த சிவந்த துண்டையும், இந்த வெளிறிய துண்டையும் பொறியாளர் அவர் முன் வைத்தார். பத்திரப் பதிவு இரண்டு மாதம் தள்ளிப்போயிற்று. அதற்குள் அந்தப் பகுதிக் கூரையை உடைத்து, துருப்பிடித்த கம்பிகளை மாற்றிப் புதிதாகப் போட்டுவிட்டார்கள்.