ஓய்வும் ஒரு கட்டளையே

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டப்பட்டு நிற்கும். மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்குக் கடலுக்கு இடைவெளி வேண்டும் என்பதற்காக அரசு விதிக்கும் தடைக்காலம் அது. அந்நாட்களில் படகுகள் பழுது பார்க்கப்படும், எஞ்சின்கள் பிரித்துப் பூட்டப்படும், வலைகள் செப்பனிடப்படும். ஓயாமல் வாரிக்கொண்டே இருந்தால் கடலும் வெறுமையாகிவிடும் என்பதை அறிவியலும் சட்டமும் ஒப்புக்கொண்டுள்ளன.

ஆனால், அதே கரையில் வாழும் பெண்களுக்கு அப்படியொரு தடைக்காலம் இல்லை. விடியலுக்கு முன்பே ஏலத்துக்கு வந்து மீன் எடுத்துக் கூடை சுமப்பவருக்கும், எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ஷிப்ட் முறையில் வேலைக்குச் செல்லும் கணவருக்காக நேரங்கெட்ட நேரத்தில் அடுப்பு மூட்டுபவருக்கும் ஆண்டின் எல்லா நாட்களும் ஒன்றுதான். தடைக்காலத்தில் வருவாய் நிற்கும்; வேலை நிற்காது. போதாக்குறைக்கு, பள்ளிகள் திறக்கும் ஜூன் மாதமும் அதனோடு சேர்ந்தே வரும்.

தொழிலாளிக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை தரவேண்டும் என்றது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். அந்தச் சட்டம் சமையலறை வாசலோடு நின்றுவிட்டது. 2024-ஆம் ஆண்டில் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகின்றனர். ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள்.

வடசென்னையின் கிறிஸ்தவப் பெண்களுக்கு இவற்றோடு இன்னொரு சுமையும் சேர்ந்துகொள்கிறது. உபவாசக் கூட்டம், முழு இரவு ஜெபம், திருவிழா நாளின் சமையல், ஞாயிறு பள்ளி என்று பக்தியே மற்றொரு வேலைப் பட்டியலாக மாறிவிடுகிறது. இவை யாவும் நல்லவையே. தெருவில் பேச முடியாததைப் பேசவும், அழவும், தோழமை பெறவும் பல பெண்களுக்குக் கிடைக்கும் ஒரே இடம் அந்தக் கூட்டங்கள்தான். எனினும், களைத்துப்போன ஒரு பெண் ஜெபத்தின் நடுவே கண் அயர்ந்துவிட்டால், அதையும் தன் விசுவாசக் குறைவாக எண்ணி வருந்துகிறாள். அந்த வருத்தம் தேவையற்றது. திருமறை அவளிடம் அதைக் கேட்கவில்லை.

பத்துக் கட்டளைகளில் ஒன்று ஓய்வு நாளைப் பற்றியது. உபாகமத்தில் அக்கட்டளை கூறப்படும் இடத்தில், வேலைக்காரனும் வேலைக்காரியும்கூட வீட்டுத் தலைவனைப் போலவே இளைப்பாற வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லப்படுகிறது. அதற்கான காரணமும் அங்கேயே உள்ளது. எகிப்தில் அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டவர்கள் நீங்கள் என்பதை மறவாதிருங்கள் என்பதே அது. அடிமைக்கு ஓய்வு கிடையாது. விடுதலை பெற்றவருக்கே ஓய்வு உண்டு. அப்படியானால், ஓய்வு என்பது வேலையை முடித்தவருக்குக் கிடைக்கும் பரிசு அன்று. தான் யாருக்கும் அடிமை இல்லை என்பதை ஒருவர் வாரந்தோறும் நினைவுகூரும் செயல். முடிந்துவிட்டது என்று சொல்லக்கூடிய நாள் வீட்டு வேலையில் ஒருபோதும் வராது என்பதால், இந்த வேறுபாடு பெண்களுக்கு மிகவும் முக்கியமானது.

ராயபுரத்தின் பெயரே இதற்கு ஒரு பாடம் சொல்கிறது. தமிழ்க் கத்தோலிக்கர்கள் புனித பேதுருவை இராயப்பர் என்று அழைத்தனர். ஊர்ப்பெயர் அதிலிருந்து வந்தது என்பர். கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே சரக்குகளை ஏற்றி இறக்கிய படகோட்டிச் சமூகத்தினர் 19-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய தூய இராயப்பர் ஆலயம் இன்றும் அங்கே நிற்கிறது. பேதுருவும் கடலை நம்பிப் பிழைத்தவர். இயேசுவை அறியேன் என்று மும்முறை மறுதலித்து, பின்னர் மனங்கசந்து அழுதவர்.

அந்தப் பேதுரு ஓர் இரவு முழுவதும் வலைவீசி ஒன்றும் அகப்படாமல் தவித்ததை யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரம் விவரிக்கிறது. விடிந்தபோது, உயிர்த்தெழுந்த இயேசு கரையில் நிற்கிறார். அங்கே கரிநெருப்பு மூட்டப்பட்டு, அதன்மேல் மீனும், கூடவே அப்பமும் இருக்கின்றன. இரவெல்லாம் உழைத்தவர்களைச் சாப்பிட அழைத்து, அவரே பரிமாறுகிறார். அவர்கள் உண்டு முடித்த பிறகுதான் பேதுருவிடம், என்மீது அன்பாயிருக்கிறாயா என்று மூன்று முறை கேட்கிறார். மறுதலிப்பை அவர் மூடி மறைக்கவில்லை. ஆனால் பசியோடும் களைப்போடும் நின்றவனை விசாரிக்கவும் இல்லை.

எலியாவின் வரலாற்றிலும் இதே வரிசை உண்டு. உயிருக்கு அஞ்சி ஓடி, சாகவே விரும்பி, பாலைவனத்தில் ஒரு செடியின் கீழ் அவர் படுத்துவிடுகிறார். தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தட்டி எழுப்பி, அப்பமும் தண்ணீரும் தருகிறான். எலியா உண்டு, மீண்டும் உறங்குகிறார். இங்கே உனக்கு என்ன வேலை என்ற இறைவனின் கேள்வி பல நாட்களுக்குப் பிறகே வருகிறது. முதலில் உணவு, உறக்கம், பிறகுதான் கேள்வி. உள்ளத்தை ஆராய விரும்பும் எவரும் இந்த வரிசையைத் தலைகீழாக்கக் கூடாது. உறக்கமின்றிச் செய்யும் சுயபரிசோதனை பெரும்பாலும் சுயநிந்தனையாகவே முடியும்.

அப்படியானால், நேர்மையான சுயபரிசோதனை எது? 16-ஆம் நூற்றாண்டில் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் வகுத்த ஆன்ம சோதனை இதற்கு எளியதொரு வழி. நாளின் முடிவில் சில நிமிடங்கள் அமைதியாக அமர வேண்டும். அன்று கிடைத்த நன்மைகளுக்கு நன்றி சொல்வது முதல் படி. உண்மையைக் காணும் ஒளியைக் கேட்பது இரண்டாவது. காலை முதல் நடந்தவற்றை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பது மூன்றாவது. தவறியவற்றுக்கு மன்னிப்புக் கேட்பது நான்காவது. நாளைக்கு ஒரு சிறு தீர்மானம் செய்துகொள்வது ஐந்தாவது. தவறுகளுக்கு முன்பே நன்றி வந்துவிடுவதைக் கவனிக்க வேண்டும்.

இந்த ஆராய்ச்சியில் இரண்டு நேர்மைகள் தேவை. தன் தவற்றைத் தன் தவறு என்று ஏற்பது ஒன்று. மருமகளிடம் வீசிய கடுஞ்சொல், மகனை எழுப்பாமல் மகளை மட்டும் எழுப்பித் தண்ணீர் பிடிக்க அனுப்பியது, அண்டை வீட்டாரின் துயரை ஜெபக் குறிப்பு என்ற பெயரில் ஊரறியச் செய்தது ஆகியவற்றைக் களைப்பின்மேல் பழிபோட்டுத் தள்ளிவிட முடியாது.

தன்னுடையதல்லாத பழியைச் சுமக்க மறுப்பது மற்றொன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் கழிமுகத்தில் பரவியபோது, படகுகளிலும் வலைகளிலும் கருமை படிந்தது. மீனவக் குடும்பங்களின் பிழைப்பு முடங்கியது. அத்தகைய இழப்பில் நொந்திருக்கும் பெண்ணிடம், உன் வீட்டில் ஏதோ பாவம் இருக்கிறது, இன்னும் ஜெபம் பண்ணு என்று சொல்வது ஆறுதல் ஆகாது. பிறவிக் குருடனைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, இவனும் இல்லை, இவன் பெற்றோரும் இல்லை என்றே இயேசு பதிலளித்தார். குடிக்கும் கணவனின் அடியைத் தன் விசுவாசக் குறைவின் தண்டனை என்று நினைக்கும் பெண்ணுக்கும் அந்தப் பதில் பொருந்தும்.

நம் சபைகளில் சாட்சி சொல்லும் நேரத்தில் வெற்றிகளுக்கே இடம் கிடைக்கிறது. வேலை கிடைத்தது, நோய் நீங்கியது என்று சொல்ல முடிகிறவர் எழுந்து நிற்கிறார். இன்னும் கிடைக்காதவர் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறார். ஆனால் 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்களே. 88-ஆம் சங்கீதம் எந்த ஆறுதலும் இன்றி இருளிலேயே முடிகிறது. அதுவும் ஜெபமாகத்தான் ஏற்கப்பட்டிருக்கிறது. அன்னாள் ஆலயத்தில் வாய்விட்டுச் சொல்லவும் முடியாமல் உதடசைத்து அழுதபோது, குடித்திருக்கிறாள் என்று ஆசாரியர் ஏலி தவறாக எண்ணினார். அவளோ பணிவோடும் தெளிவோடும் தன் நிலையை எடுத்துரைத்தாள். அதன்பின் அவள் போய் உணவருந்தினாள். அவள் முகம் வாடியிருக்கவில்லை. அப்போது அவளுக்குக் குழந்தை பிறந்திருக்கவில்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். உள்ளத்தைக் கொட்டிவிட்டதே அவளுக்கு முதல் இளைப்பாறுதல்.

எனினும், ஓய்வெடுங்கள் என்று பெண்களுக்கு மட்டும் உபதேசிப்பது எளிது. அவள் அமர்ந்தால் பாத்திரத்தைத் துலக்குவது யார் என்ற கேள்விக்கு விடை இல்லாத உபதேசம், அவள் தலையில் இன்னொரு கடமையாகவே விழும். தடைக்காலத்தில் கடலுக்குச் செல்லாதவர்களுக்கு அரசு நிவாரணம் தருகிறது. ஓய்வுக்கும் ஒரு விலை உண்டு, அதை யாரேனும் ஏற்க வேண்டும் என்பதன் ஒப்புதல் அது. இல்லங்களில் அந்த விலையைக் கணவனும் மகனும் ஏற்க வேண்டும். கரையில் அடுப்பு மூட்டி மீன் சுட்டவர் தங்கள் ஆண்டவர் என்பதை ஆலயத்தில் அமரும் ஆண்கள் நினைவில் கொள்ளட்டும். சபைகளும் ஐக்கிய விருந்தின் சமையலை ஒரு முறையேனும் ஆண்களிடம் ஒப்படைத்துப் பார்க்கலாம்.

பெண்கள் சிறிய அளவில் தொடங்கலாம். வாரத்தில் ஒரு மாலை, ஒரு மணி நேரம் போதும். உறக்கம் வந்தால் உறங்கலாம். புயலின் நடுவே படகின் பின்புறம் தலையணை வைத்து உறங்கியவர் அதைக் குற்றமாகக் கருதமாட்டார். உறக்கம் வராவிட்டால், நன்றியில் தொடங்கி அன்றைய நாளை மெல்லத் திரும்பிப் பார்க்கலாம். கரையில் நிற்கும் படகு வீணாக நிற்பதில்லை என்பது மீனவக் குடும்பத்துப் பெண்களுக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தமக்கும் அதுவே பொருந்தும் என்று அவர்கள் நம்பத் தொடங்கினால் போதும்.