மைதானத்தின் நினைவு யாருடைய நினைவு?

பழைய விளையாட்டரங்கைப் பற்றி ரசிகர்கள் பேசத் தொடங்கினால் அந்தப் பேச்சு எளிதில் முடிவதில்லை. சேப்பாக்கம் என்ற பெயரைச் சொன்னால் போதும். 1986 செப்டம்பர் வெக்கையில் டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்தபடியே நின்று 210 ரன்கள் எடுத்ததும், அந்த டெஸ்ட் வெற்றி தோல்வியின்றி 'டை' ஆனதும் நினைவுக்கு வரும். 1999 ஜனவரி 31 அன்று டெண்டுல்கர் 136 ரன்கள் எடுத்தும் இந்தியா 12 ரன்களில் தோற்றது. வென்ற பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்தபோது பார்வையாளர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். 'விவரமறிந்த ரசிகர்கள்' என்ற பட்டம் சேப்பாக்கத்திற்கு நிலைத்தது இப்படித்தான். வெறுப்பை அரசியலாக்கும் இக்காலத்தில் அந்தக் கைதட்டலை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் அந்த அரங்கிற்குள் உட்கார்ந்திருந்தவர்கள் யார், வெளியே இருந்தவர்கள் யார் என்ற கேள்வியும் அதே நினைவுக்குள் இருக்கிறது. சேப்பாக்கத்திலிருந்து ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நம் விருதுநகர் மாவட்டத்தில், பொங்கலையொட்டி நடந்த டெஸ்ட் ஆட்டங்களைப் பலர் கேட்டது வானொலியின் தமிழ் வர்ணனை வழியாகத்தான். இன்றும் ஓர் அணி வென்றால் நாடெங்கும் வெடிக்கும் பட்டாசில் பெரும்பகுதி சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் செய்யப்படுவது. மருந்து செலுத்தும் அந்தக் கைகளில் தலித்துகளின் கைகள் ஏராளம். கொண்டாட்டத்தைச் செய்து அனுப்பியவர்களின் நினைவு கொண்டாட்டத்தின் வரலாற்றில் ஏன் பதிவாகவில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

மரத்தடியும் மண் குவளையும்

சேப்பாக்கத்தின் கதை விலக்கலோடுதான் தொடங்குகிறது. 1846இல் நிறுவப்பட்ட மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் வெள்ளையர்களுக்கானது. அங்கே ஆட வந்த இந்தியர்கள் மதிய உணவை மரத்தடியில் உண்ண வேண்டியிருந்தது; வெள்ளையர்கள் பெவிலியனுக்குள் உண்டார்கள். இந்த அவமதிப்பைப் பொறுக்காத புச்சி பாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். தென்னிந்திய கிரிக்கெட்டின் தந்தை என்று அவர் கொண்டாடப்படுகிறார். அது தகுதியான பெருமைதான். செல்வமும் செல்வாக்கும் உள்ளவர் அவமதிக்கப்பட்டபோது அது வரலாறாயிற்று, இன்றும் அவர் பெயரில் போட்டி நடக்கிறது. அந்த மரத்தடியிலும் இடம் கிடைக்காதவர்களின் அவமதிப்புக்கு அப்படியொரு நினைவுச் சின்னம் இல்லை.

புனேயின் கதை இதை இன்னும் தெளிவாக்குகிறது. தோல் தொழிலோடு பிணைக்கப்பட்ட சாதியில் 1876இல் பிறந்த பல்வாங்கர் பாலூ, ஐரோப்பியர்களின் கிளப்பில் மாதம் 4 ரூபாய் சம்பளத்திற்குத் திடலைப் பராமரித்தார். வெள்ளை அதிகாரிகளின் பயிற்சிக்காகப் பந்து வீசினார். அவருடைய இடக்கைச் சுழலின் மதிப்பை உணர்ந்த இந்து கிளப் அவரை அணியில் சேர்த்தது. களத்தில் அவர் தொட்ட பந்தை மற்றவர்களும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையிலோ அவருக்கு பெவிலியனுக்கு வெளியே, தனி மண் குவளையில் தேநீர் தரப்பட்டது. உணவுக்கும் தனி இடம். ஒரே பகலுக்குள், ஒரே எல்லைக்கோட்டின் இரு பக்கங்களிலும், சாதி எங்கே தளரும், எங்கே இறுகும் என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் காட்சி வேறு அரிது. திறமை தேவைப்பட்ட இடத்தில் தீட்டு ஒதுக்கிவைக்கப்பட்டது, சமத்துவம் தேவைப்பட்ட இடத்தில் அது திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டது.

1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக எல்லா ஆட்டங்களிலும் சேர்த்து பாலூ 114 விக்கெட்டுகள் வீழ்த்தினார். ஆயினும் இந்து அணியின் தலைமை அவருக்குக் கிடைக்கவே இல்லை. 1923இல் அவருடைய தம்பி விட்டல் அந்தத் தலைமையைப் பெற்றார். பின்னாளில் பாலூ அரசியலில் அண்ணல் அம்பேத்கருக்கு எதிர்த்தரப்பில் நின்றார். 1937 தேர்தலில் அவரிடமே தோற்றார். அரசியலில் முரண்பட்டவர் என்பதற்காக அவர் பட்ட அவமதிப்பை நாமும் மறந்துவிட வேண்டியதில்லை. டெஸ்ட் ஆடிய 290 இந்திய ஆண்களில் தலித்துகள் என்று அறியப்பட்டவர்கள் நால்வர் மட்டுமே என்று 2018இல் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி' இதழில் வந்த கட்டுரை ஒன்று சுட்டியது. பாலூவுக்குப் பின் வந்த நூற்றாண்டின் கணக்கு இது.

பர்மிங்ஹாமில் ஒரு பழைய மைதானம்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பர்மிங்ஹாம் நகரில், 1910இல் திறக்கப்பட்ட ரிக்வுட் ஃபீல்ட் என்ற பேஸ்பால் அரங்கு இருக்கிறது. அந்நாட்டில் எஞ்சியுள்ள மிகப் பழைய தொழில்முறை பேஸ்பால் அரங்கு அதுவே. வெள்ளையர் அணியான பேரன்ஸும் கறுப்பர் அணியான பிளாக் பேரன்ஸும் அங்கே ஆடின. ஆனால் ஒன்றாக ஆடியதில்லை. வெள்ளையர் ஆட்டத்தைப் பார்க்க வந்த கறுப்பர்களுக்கு ஒதுக்குப்புறமான தனி இருக்கைகள். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து சீட்டோ, பகடையோ, பேஸ்பாலோ ஆடுவது குற்றம் என்று அந்நகரச் சட்டமே சொன்னது. அந்த அரங்கின் ஆட்டங்களை வானொலியில் வர்ணித்த புல் கானர் என்பவரே பின்னர் நகரின் காவல்துறைக்குப் பொறுப்பாளராகி, 1963இல் உரிமை கேட்டுத் திரண்ட கறுப்பினச் சிறுவர்கள் மீது நாய்களையும் தண்ணீர்ப் பீரங்கிகளையும் ஏவினார்.

அதே மைதானத்தில்தான் 1948இல் 17 வயது வில்லி மேஸ் பிளாக் பேரன்ஸுக்காக ஆடினார். 2024 ஜூன் 20 அன்று அங்கே முதன்மை லீக் ஆட்டம் ஒன்று நினைவு விழாவாக நடத்தப்பட்டது. இரண்டு நாட்களுக்கு முன்புதான் மேஸ் தமது 93ஆம் வயதில் மறைந்திருந்தார். அன்று நேரலையில், இங்கே திரும்பி வந்தது எப்படி இருக்கிறது என்று முன்னாள் வீரர் ரெஜி ஜாக்சனிடம் கேட்டார்கள். இனிமையான மலரும் நினைவு ஒன்றை எதிர்பார்த்த கேள்வி அது. 1967இல் அந்நகர அணிக்கு ஆடியபோது உணவகங்களும் விடுதிகளும் தம்மை இழிசொல்லால் சுட்டித் துரத்தியதை அவர் அப்படியே சொன்னார். அரங்கின் அழகு ஒருவருக்கு நினைவாகவும் அதன் வாசல் இன்னொருவருக்குக் காயமாகவும் இருக்கலாம் என்பதைப் பலரும் அன்று கேட்டார்கள்.

அமெரிக்கா திருந்திவிட்டது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அங்கே கறுப்பின வீரர்களும் ரசிகர்களும் இதழாளர்களும் தங்கள் ஆட்டக் கணக்குகளைப் பல பத்தாண்டுகளாகத் தேடித் தொகுத்தார்கள். அதன் விளைவாக 2024 மே மாதம் கறுப்பர் லீக்குகளின் புள்ளிவிவரங்கள் முதன்மை லீக்கின் அதிகாரபூர்வப் பதிவேட்டில் சேர்ந்தன. ஜோஷ் கிப்சனின் .372 என்ற மட்டைச் சராசரி வாழ்நாள் பட்டியலின் உச்சிக்குச் சென்றது. தொகுக்கப்பட்ட நினைவு ஆவணமாயிற்று. ஆவணம் பதிவேட்டைத் திருத்தியது.

'விளையாட்டில் தகராறு'

நம் ஊர்களின் மைதானங்களுக்கு பெவிலியன் கிடையாது. கண்மாய்க் கரையோ, பள்ளிக்கூடத் திடலோ, புறம்போக்கு நிலமோதான் ஆடுகளம். ஆயினும் யார் எந்நேரம் ஆடலாம், பந்து எந்தத் தெருவுக்குள் விழுந்தால் யார் எடுக்கலாம், கோப்பையை வென்ற அணி எந்தத் தெரு வழியாக மேளத்தோடு போகலாம் என்பதற்கெல்லாம் எழுதப்படாத விதிகள் இருக்கின்றன. விதி மீறப்பட்டால் அடி விழுகிறது. மறுநாள் செய்தியிலும், பல நேரங்களில் முதல் தகவல் அறிக்கையிலும், 'கிரிக்கெட் விளையாடியதில் இளைஞர்களிடையே தகராறு' என்ற ஒற்றை வரியே மிஞ்சுகிறது. சாதி அந்த வரியிலிருந்து நீக்கப்பட்டுவிடுகிறது.

2023 ஜூனில் குஜராத்தின் பாடன் மாவட்டம் காகோஷி கிராமத்தில், பள்ளித் திடலில் நடந்த ஆட்டத்தின் பந்தை ஒரு தலித் சிறுவன் எடுத்தான். அதற்காக அவன் மிரட்டப்பட்டான், உறவினர் தட்டிக்கேட்டார். அதன் தொடர்ச்சியாக நடந்த தாக்குதலில் அக்குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரின் கட்டைவிரல் துண்டிக்கப்பட்டது. ஏகலைவனின் கதையை நாம் உவமையாகச் சொல்ல வேண்டிய தேவையே அங்கு இல்லை.

இத்தகைய நிகழ்வுகளில் சட்டம் ஊமையாக இல்லை. அரசு நிதியில் பராமரிக்கப்படும் அல்லது பொதுமக்களுக்கென ஒதுக்கப்பட்ட பொது இடங்களைப் பயன்படுத்துவதில் சாதியின் பெயரால் தடை கூடாது என்கிறது அரசமைப்பின் உறுப்பு 15(2). தீண்டாமையை ஒழிக்கிறது உறுப்பு 17. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(இசட்ஏ), ஊரின் பொதுச் சொத்துகளையும் பொது இடங்களையும் பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் மற்றவர்களைப் போலவே பயன்படுத்துவதைத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. புகாரை உரிய பிரிவுகளில் பதியாமல் கடமை தவறும் அரசு ஊழியருக்கும் பிரிவு 4 தண்டனை விதிக்கிறது. எனவே காவல் நிலையத்தில் முதலில் கேட்க வேண்டியது இது: 'தகராறு' என்று எழுதுகிறீர்களா, 'தடுத்தார்கள்' என்று எழுதுகிறீர்களா? வழக்கின் போக்கைப் பல நேரங்களில் அந்த ஒரு சொல்லே முடிவு செய்கிறது.

எழுதத் தொடங்குவோம்

கல்லூரி மாணவர்களுக்கும் களச் செயற்பாட்டாளர்களுக்கும் இங்கே ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊர் மைதானத்தைப் பற்றி அறுபது வயதுக்காரர் ஒருவரிடம் கேளுங்கள். அணியின் பெயர் என்ன, யார் சூட்டினார்கள், மட்டை வாங்கப் பணம் எப்படிச் சேர்ந்தது, தாகம் எடுத்தால் எந்த வீட்டில் தண்ணீர் கிடைத்தது, எந்தப் பாத்திரத்தில் கிடைத்தது, எந்த ஆண்டு ஆட்டம் நின்றுபோனது, ஏன் என்று கேளுங்கள். நிலத்தின் புல எண்ணையும் கிராம நிர்வாக அலுவலகத்தில் விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். அது புறம்போக்கு என்றால், அந்த எண்ணே நாளை உங்கள் மனுவின் முதல் சான்று.

1999இன் கைதட்டலை நினைவில் வைத்திருப்போம். எதிரணியின் திறமைக்கு எழுந்து நிற்கத் தெரிந்த சமூகம், தன் ஊரின் அடுத்த தெருவிலிருந்து ஆட வருபவனுக்கு வழிவிடவும் கற்றுக்கொள்ள வேண்டும். அது கற்கும் வரை பந்தை எடுக்கக் குனிந்த அந்தச் சிறுவனின் பக்கமே நாம் நிற்க வேண்டும்.