இருப்பு பூஜ்யம் என்றால் பணம் போய்விட்டதா?

திண்டிவனத்தில் ஒருவர் செல்போனில் கிரிப்டோ வாலட்டைத் திறக்கிறார். இருப்பு பூஜ்யம். களவு போய்விட்டதென்று கை நடுங்குகிறது. ஆனால் கோளாறு வேறு இடத்திலும் இருக்கலாம்.

நாணயங்கள் செல்போனுக்குள் இல்லை. அவற்றின் கணக்கு பிளாக்செயினில், உலகெங்கும் உள்ள கணினிகளில் பதிவாகியிருக்கிறது. ‘ஆர்பிசி’ என்ற இணைப்புச் சேவை வழியாகத்தான் வாலட் அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கித் திரையில் காட்டுகிறது. அந்தச் சேவை படுத்துவிட்டால், பணம் பத்திரமாக இருந்தும் பார்க்க முடியாது, அனுப்பவும் முடியாது.

2020 நவம்பர் 11 அன்று இதுதான் நடந்தது. மெட்டாமாஸ்க் வாலட் வழக்கமாக நம்பியிருக்கும் இன்ஃபியூரா என்ற ஆர்பிசி சேவை முடங்கியது. பைனான்ஸ் கிரிப்டோ சந்தையும் எத்திரியம் நாணயத்தை வெளியே எடுப்பதைச் சிறிது நேரம் நிறுத்திவைத்தது. எத்திரியம் நெட்வொர்க்கை இயக்கும் ‘கெத்’ மென்பொருளின் பழைய பதிப்பை இன்ஃபியூரா ஓட்டிக்கொண்டிருந்ததே காரணம். புதிய பதிப்புக்கு மாறியவர்களின் கணினிகள் தடையின்றி ஓடின. 2022 மார்ச்சில் வேறொரு கூத்து. பொருளாதாரத் தடை விதிகளுக்காக அமைப்பை மாற்றும்போது நேர்ந்த தவறால் வெனிசுவேலா மக்களுக்கு அதே சேவை அடைபட்டது. ஒரே நிறுவனத்தின் கையில் இவ்வளவு இருப்பது சரியல்ல.

ஆகவே செயலி உருவாக்குபவர்கள் குறைந்தது இரண்டு சேவைகளையாவது இணைக்க வேண்டும். ‘ஈதர்ஸ்’ நிரல் நூலகத்தில் இதற்கென்றே ‘ஃபால்பேக் புரொவைடர்’ உண்டு. ஆனால் இரண்டும் ஒரே மென்பொருளையோ ஒரே சர்வர் நிறுவனத்தையோ நம்பியிருந்தால் பயனில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, திண்டிவனத்துக்குப் பக்கத்திலுள்ள மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட இரவில் இரண்டு சிம் வைத்திருந்தாலும், இரண்டுக்கும் ஒரே டவர் என்றால் என்ன பலன்?

வாலட் வைத்திருப்பவரும் அமைப்புப் பகுதியில் மாற்று ஆர்பிசி முகவரியை முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளலாம். அதை அந்தந்த நெட்வொர்க்கின் அதிகாரபூர்வ ஆவணத்திலிருந்து மட்டும் எடுங்கள். நெட்வொர்க்கை அடையாளம் காட்டும் செயின் எண்ணையும் சரிபாருங்கள். எத்திரியத்துக்கு 1, பாலிகனுக்கு 137. டெலிகிராமில் முகம் தெரியாதவர் அனுப்பும் ஆர்பிசி முகவரி, இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்டக்கூடும். இந்த மோசடி ஏற்கெனவே பலரை ஏமாற்றியிருக்கிறது.

இருப்பு பூஜ்யமாகத் தெரிந்தால், வாலட் முகவரியை, பிளாக்செயின் கணக்கைக் காட்டும் ஈதர்ஸ்கேன் போன்ற தளத்தில் இட்டுப் பாருங்கள். அங்கே தொகை இருந்தால் கோளாறு பெரும்பாலும் இணைப்பில்தான். ‘கஸ்டமர் கேர்’ என்று எவர் கேட்டாலும் வாலட்டை மீட்க உதவும் இரகசியச் சொற்களைத் தராதீர்கள்.

கிரிப்டோவும் சொத்துதான் என்று 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது உண்மையிலேயே களவு போயிருந்தால் கூச்சப்படாமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்திருங்கள்.