குரோஷா தொப்பி

குரோஷா தொப்பி என்பது நுனியில் கொக்கியுள்ள ஒற்றை ஊசியால் நூலை வளையம் வளையமாகக் கோத்துப் பின்னப்படும் தலையணி ஆகும். உச்சியில் சிறு வட்டமாகத் தொடங்கி விளிம்பில் முடிவதால் இதற்கு வெட்டோ தையல் இணைப்போ தேவையில்லை. இதனால் குரோஷா கற்பவர்கள் முதலில் பின்னும் பொருள்களில் ஒன்றாக இது உள்ளது. இஸ்லாமியர் தொழுகையின்போது அணியும் வெள்ளை நூல் தொப்பிகளில் ஒரு வகையும் இம்முறையில் பின்னப்படுவதே.

வரலாற்றுப் பின்னணி

குரோஷா 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பரவலானது. அயர்லாந்தில் 1840களில் ஏற்பட்ட பெரும் பஞ்சத்தின்போது குரோஷா ரேந்தை பல குடும்பங்களுக்கு வருவாய் தந்தது. இந்தியாவில் ஆந்திரத்தின் நரசாபுரம் இக்கலைக்குப் பெயர் பெற்றது.

தென் தமிழகத்தில் நூல்வேலை மிஷன் பெண்கள் பள்ளிகள் வழியாக வளர்ந்தது. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் ரேந்தைப் பின்னலைக் கற்பித்தார். அவருடைய மகளும் இராபர்ட் கால்டுவெல்லின் மனைவியுமான எலைசா, திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் அப்பணியைத் தொடர்ந்தார். அது திண்டின்மேல் பல நூற்கட்டைகளைக் கொண்டு பின்னும் முறை. குரோஷாவுக்கு ஓர் ஊசியும் ஒரு நூல்கண்டும் போதும்.

நூல் தேர்வு

பயிற்சி நூல்களில் பெரும்பாலும் கம்பளித் தொப்பியே விளக்கப்படுகிறது. தென்காசி, குற்றாலம் பகுதியின் தட்பவெப்பம் வேறு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆரியங்காவு கணவாய் வழியாக ஈரக்காற்றும் சாரலும் வந்தாலும், இது மலையடிவார ஊர்களுக்குரிய மிதமான குளிரே. உதகை, கொடைக்கானல் குளிர் அன்று. எனவே பருத்தி நூல் இங்கு ஏற்றது.

ஆனால் பருத்திக்கு ஒரு குணம் உண்டு. கம்பளியைப் போல அது இழுத்தால் நீண்டு மீண்டும் சுருங்குவதில்லை. கம்பளித் தொப்பியில் சிறு அளவுப் பிழை மறைந்துவிடும். பருத்தித் தொப்பியில் அது இறுக்கமாகவோ கண்ணை மறைக்கும் தளர்வாகவோ வெளிப்படும். ஆகவே பருத்தியில் பின்னுபவர் அளவையும் எண்ணிக்கையையும் கவனிக்க வேண்டும்.

அளவு கணக்கிடுதல்

புருவத்துக்குச் சற்று மேலே தலையைச் சுற்றி அளந்து, அதில் 2 செ.மீ. கழித்து, 3.14ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பதே உச்சி வட்டத்தின் விட்டம். தலைச் சுற்றளவு 35 செ.மீ. உள்ள பச்சிளங்குழந்தைக்கு ஏறத்தாழ 10.5 செ.மீ.; 46 செ.மீ. உள்ள குழந்தைக்கு 14 செ.மீ.; 56 செ.மீ. உள்ள பெரியவருக்கு 17 செ.மீ.

பின்னும் முறை

நடுத்தரத் தடிமனுள்ள பருத்தி நூலுக்கு 4 மி.மீ. ஊசி பொருந்தும்.

1. நான்கு சங்கிலித் தையல் போட்டு, முதல் சங்கிலியுடன் இணைத்து வளையமாக்க வேண்டும்.
2. மூன்று சங்கிலி போட வேண்டும். இது ஒரு தையலாகக் கொள்ளப்படும். வளையத்துக்குள் மேலும் 11 இரட்டைக் குரோஷா போட்டால் மொத்தம் 12. இரட்டைக் குரோஷா போட, நூலை ஊசியில் ஒருமுறை சுற்றி, ஊசியை நுழைத்து நூலை இழுக்க வேண்டும். ஊசியில் மூன்று வளையங்கள் நிற்கும். நூலைக் கொக்கியில் மாட்டி இரண்டு வளையங்கள் வழியே இழுக்க இரண்டு மிஞ்சும். மீண்டும் அவ்வாறே செய்ய ஒன்று மிஞ்சும். ஒவ்வொரு சுற்றும் மூன்று சங்கிலியில் தொடங்கி, முடிவில் அதன் உச்சியுடன் இணைக்கப்படும்.
3. இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு தையலிலும் இரண்டு போட 24 ஆகும்.
4. மூன்றாம் சுற்றில் ஒன்றுவிட்டு ஒன்றில் இரண்டு போட 36. நான்காம் சுற்றில் இரண்டுவிட்டு ஒன்றில் இரண்டு போட 48. இவ்வாறு சுற்றுக்கு 12 கூட வேண்டும்.
5. கணக்கிட்ட விட்டம் வந்ததும் கூட்டுவதை நிறுத்தி, தையலுக்கு ஒன்றாகப் பின்னினால் பக்கச் சுவர் தானாக இறங்கும். தேவையான ஆழம் வந்ததும் நூலை வெட்டி, நுனியை உட்புறம் கோத்து மறைக்க வேண்டும்.

பிழைகளும் காரணமும்

எல்லாச் சுற்றுகளின் உயரமும் ஒன்றே என்பதால், வட்டத்தின் சுற்றளவு ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவு பெருகுகிறது. அதனால்தான் கூட்டும் தையல்களின் எண்ணிக்கையும் மாறாமல் இருக்க வேண்டும். குறைவாகக் கூட்டினால் வட்டம் கிண்ணம்போல் குழியும். மிகுதியாகக் கூட்டினால் ஓரம் அலையலையாக நெளியும். சுற்று முடிந்ததும் எண்ணிப் பார்த்தால் ஒரு சுற்றை மட்டும் பிரித்தால் போதும். எண்ணாமல் போனால் முழுத் தொப்பியையும் பிரிக்க நேரும்.

குழந்தைகளுக்குப் பின்னும்போது

பச்சிளங்குழந்தையின் உடலில் தலையின் பங்கு பெரிது. வெப்பம் அதன் வழியே எளிதில் வெளியேறும். குளிர்காற்றில் வெளியே எடுத்துச் செல்லும்போது தொப்பி பயன்படும். பருத்தி நீரை உறிஞ்சி மெதுவாகவே உலர்வதால், சாரலில் நனைந்த தொப்பியை உடனே கழற்றிவிட வேண்டும். பிறந்த முதல் சில மணி நேரத்துக்குப் பின், வீட்டுக்குள் உறங்கும் குழந்தைக்குத் தொப்பி அணிவிப்பது உடல் சூட்டை அளவுக்கு மீறி உயர்த்தக்கூடும் என்பதால் தவிர்க்கப்படுகிறது. குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவர் சொல்வதே முறை. கழுத்தில் கட்டும் கயிறு, மணி, பொத்தான் ஆகியவற்றைச் சேர்க்காமல் விடுவதே பாதுகாப்பு.