எண்ணப்படுவோரும் இனப்பெயரும்

குடிசன மதிப்பு நடைபெறும் காலத்திலே வீடுதோறும் வரும் உத்தியோகத்தரின் பத்திரத்தில் வினாக்கள் பல உள. வயது என்ன, கல்வி எவ்வளவு, தொழில் யாது, வீட்டின் கூரை ஓலையா ஓடா, குடிநீர் எங்கிருந்து பெறப்படுகிறது என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுச் செல்வார். புங்குடுதீவின் இறுப்பிட்டியிலே குடிநீர் பற்றிய வினாவுக்கு விடை சற்று நீளும். உவர்நீர்க் கிணறுகளைப் பற்றித் தொடங்கினால் எங்கள் தீவார் எளிதில் நிறுத்தமாட்டார்கள். இனம் என்னும் வினாவுக்கோ இரண்டே சொற்களில் விடை வந்துவிடும். ‘இலங்கைத் தமிழர்’ என்பர். உத்தியோகத்தரும் எழுதிக்கொண்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவார். சில வேளைகளில் அவர் கேளாமலே எழுதிவிடுவதும் உண்டு.

இத்துணை எளிதாக வாயில் வரும் இச்சொற்றொடர் மிகப் பழையதாயிருத்தல் வேண்டும் என்று நேயர்கள் எண்ணக்கூடும். தமிழர் என்னும் பெயர் பழையது, அதில் ஐயமில்லை. ஆனால் ‘இலங்கைத் தமிழர்’ என்பது குடிசன மதிப்பிலே ஒரு தனி இனமாக ஏறியது 1911ஆம் ஆண்டிலேதான். அதற்கு முன் எங்கள் முன்னோர் வேறு பெயர்களால் எண்ணப்பட்டனர். அவற்றுட் சில இன்று எமக்கே வியப்பைத் தருவன.

ஒல்லாந்தர் காணிகளையும் குடிகளையும் பதிந்துவைத்த தோம்புகளிலே யாழ்ப்பாணத்தார் சாதி சாதியாக எழுதப்பட்டனர். தமிழரைப் பொதுவிற் சுட்டவேண்டியபோது ஒல்லாந்தர் வழங்கிய பெயர் ‘மலபார்’ என்பது. 1707ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டத்துக்கு 1806இல் ஆங்கிலேயர் மீண்டும் வலுவளித்தபோது, அது யாழ்ப்பாண மாகாணத்து ‘மலபார்’ குடிகளுக்கு உரியது என்றே சட்டத்தில் எழுதினர். தேசவழமை இன்றும் நடைமுறையிலுள்ள சட்டம். கணவன் மனைவியரின் ஆதன உரிமை, காணி விற்கும்போது உறவினருக்கும் பங்காளருக்கும் உள்ள முற்கொள்வனவு உரிமை முதலியன பற்றி வழக்கு எழுமிடத்து, வழக்காளி ‘மலபார் குடி’ தானா என்று நீதிமன்றம் ஆராயவேண்டியதாகின்றது. எங்களுள் ஒருவரேனும் எந்தப் பத்திரத்திலும் தம்மை மலபார் என்று எழுதப்போவதில்லை. எனினும் அப்பெயரைக் கொண்டு காணி கைமாறுகிறது. ஒருவர் தம்மை அழைக்கும் பெயர் ஒன்று, அரசாங்கம் அவரை அழைக்கும் பெயர் மற்றொன்று என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டை நான் அறியேன்.

ஆங்கிலேயர் 1824இல் எடுத்த கணக்கிலும் சாதியே முதலிடம் பெற்றது. முறையான முதலாவது குடிசன மதிப்பு 1871ஆம் ஆண்டு நடந்தபோது இனம், தேசியம் என்னும் தலைப்புகளின்கீழ் எண்ணிறந்த பெயர்கள் வந்து குவிந்தன. பத்து ஆண்டுகள் சென்றபின் 1881இல் அவை ஏழு இனங்களாகச் சுருங்கின. பத்து ஆண்டுகளில் மக்கள் மாறிவிடவில்லை. அட்டவணை தயாரித்தவர்களின் எண்ணமே மாறியது. 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்புக்குப் பொறுப்பாயிருந்தவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். அவருடைய அறிக்கை இன்றும் அறிஞராற் போற்றப்படுவது. அவ்வாண்டிலே சிங்களவர் கரைநாட்டார், கண்டியர் என இருவகையாகப் பிரிக்கப்பட்டனர். தமிழரோ ஒரே தொகையினராக நின்றனர். அடுத்த மதிப்பாகிய 1911இல் தமிழரும் இரண்டாயினர். இலங்கைத் தமிழர் 528,024 பேர். இந்தியத் தமிழர் 530,983 பேர். ஏறக்குறையச் சரிபாதி.

இப்பிரிவுக்கு நியாயம் இல்லாமலில்லை. தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்குத் தொழிலாளர் ஆண்டுதோறும் வருவதும் போவதுமாக இருந்தனர். நிலையாக வாழ்வோர் எத்தனை பேர், வந்து செல்வோர் எத்தனை பேர் என அறிவது நிருவாகத்துக்கு வேண்டியதாயிற்று. ஆனால் நேற்றுக் கப்பலிலிருந்து இறங்கியவனும், பாட்டன் காலந்தொட்டு மலைச்சாரலிலே பிறந்து வளர்ந்தவனும் ஒரே கட்டத்துள் அடைக்கப்பட்டனர். போக்குவரவைக் கணக்கிட வந்த பெயர் பரம்பரைப் பெயராயிற்று. மகனுக்கும் பேரனுக்கும் அது தொடர்ந்தது.

பின்னர் நிகழ்ந்தவை வரலாறு அறிந்தோர்க்குத் தெரியும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோருள்ளும் சிலரே ஏற்றுக்கொள்ளப்பட்டனர். அவ்வாண்டு தமிழ்க் காங்கிரஸ் பிளவுபட்டுத் தமிழரசுக் கட்சி தோன்றியதற்கும் இவ்விடயமே பெருங்காரணம். 1964ஆம் ஆண்டு ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. மூட்டை கட்டிய பண்டத்தைப் பங்கிடுவது போன்ற அக்கணக்கை இன்று வாசிக்கும்போதும் மனம் கூசுகின்றது. 1971இல் ஏறத்தாழ 1,175,000 ஆயிருந்த இந்தியத் தமிழரின் தொகை 1981இல் 818,656 ஆகியது. நாடற்ற நிலை முற்றாக நீங்குவதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரையிற் காத்திருக்கவேண்டியதாயிற்று.

இன்னொன்றையும் இவ்விடத்திற் கவனிக்கவேண்டும். 1901இல் இரண்டாகப் பிரிக்கப்பட்ட சிங்களவர், 1971ஆம் ஆண்டுடன் அப்பிரிவு கைவிடப்பட்டு, 1981இல் ஒரே தொகையினராக எண்ணப்பட்டனர். தமிழரின் இரு கட்டங்களோ அப்படியே இருந்தன. 2001ஆம் ஆண்டிலே இலங்கைச் செட்டி, பரதர் என்னும் பெயர்கள் தனித்தனியே சேர்க்கப்பட்டன. கட்டங்களைச் சேர்க்கவும் பிரிக்கவும் கூடுமென்பதை இவை காட்டுகின்றன.

தமிழ் பேசும் இன்னொரு கூட்டத்தாராகிய சோனகரின் வரலாறும் இத்துடன் ஒட்டியதே. 1888ஆம் ஆண்டு சேர் பொன்னம்பலம் இராமநாதன் றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையிலே ஒரு கட்டுரை வாசித்து, இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழர், மதத்தால் இஸ்லாமியர் என்று வாதித்தார். ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதனை மறுத்து ஒரு நூலே எழுதினார். இராமநாதனின் கட்டுரை வெறும் கல்வி ஆராய்ச்சி என்று கொள்வதற்கில்லை. சட்டநிரூபண சபையிலே இனவாரியாக நியமனம் செய்த காலம் அது. கட்டுரை வாசிக்கப்பட்ட மறு ஆண்டே, 1889இல், சோனகருக்குத் தனி ஆசனம் கிடைத்தது. தமிழ் பேசுவோர் யாவரும் தமிழரே எனில் அவ்வாசனத்துக்கு நியாயம் ஏது? இராமநாதனின் புலமையை மதிப்பவன் நான். எனினும் ஒரு கூட்டத்தார் இன்னார் என்பதை அக்கூட்டத்தாரைக் கேளாமல் மற்றொரு கூட்டத்துப் பெரியவர் தீர்மானித்தமை சரியன்று என்பது என் துணிபு. 1990 ஒக்டோபரிலே வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, அவர்களும் தமிழர்தாம் என்ற பழைய வாதம் எவருக்கும் நினைவு வரவில்லை.

தீவகத்திலே 1981க்குப் பின் முழுமையான குடிசன மதிப்பு நடந்தது 2012இலேதான். 1991இல் நாடு முழுவதிலும் மதிப்பு நடைபெறவில்லை. 2001இல் பதினெட்டு மாவட்டங்களில் மாத்திரமே அது நிறைவேறியது. 2012இல் இந்தியத் தமிழர் 839,504 பேர், அதாவது நூற்றுக்கு 4.1 வீதம். 2024ஆம் ஆண்டு மதிப்பில் ‘மலையகத் தமிழர்’ என்று அம்மக்கள் தாமே விரும்பும் பெயரும் இடம்பெற்றது. ஆயினும் வீதம் 2.8 ஆகக் குறைந்தது. இலங்கைத் தமிழர் வீதமோ 11.1இலிருந்து 12.3 ஆக உயர்ந்தது. பிறப்பு இறப்பினாலும் வெளிநாட்டுப் பயணத்தினாலும் மாத்திரம் இவ்வேறுபாடு விளைந்திராது. முன்னர் ஒரு கட்டத்தில் நின்றவருட் பலர் மற்றக் கட்டத்துக்கு மாறி நின்றனர் எனக் கொள்ளுதலே பொருத்தம்.

அவர்கள் ஏன் மாறினர்? ‘இந்திய’ என்ற அடைமொழியினால் மூன்று தலைமுறை பட்டபாட்டை நினைத்தால், இங்கே பிறந்த பிள்ளை அதனை உதறுவதில் என்ன புதுமை? 1977ஆம் ஆண்டு இனக்கலவரத்தின்பின் மலையகத்தை விட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறியவர்களின் பிள்ளைகள் மலையகத்தைக் கண்டதும் இல்லை. ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. தோட்ட மக்களுக்குக் காணியும் வீடும் தமிழ்ப் பாடசாலையும் கேட்போர் தொகையைக் காட்டியே கேட்கவேண்டும். தொகை குறைந்தால் கோரிக்கையின் குரலும் தாழும். லயன் அறையில் இன்னும் வாழும் குடும்பத்துக்கு இது சிறிய நட்டம் அன்று.

ஆண்டுதோறும் பாடசாலைக் கணக்கெடுப்புப் பத்திரத்தை நிரப்புகையில் இதனை நான் நேரிற் கண்டிருக்கிறேன். ஒரு மாணவியின் தந்தை எங்கள் தீவார். தாயோ பதுளைப் பகுதியிலிருந்து வந்து கிளிநொச்சியிற் குடியேறிய குடும்பத்தவர். வகுப்பாசிரியர் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பெயரைக் கேளாமலே எழுதியிருந்தார். நான் தாயை அழைத்து வினவினேன். அவர் பத்திரத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “பெட்டி ஒன்றுதானே இருக்குது, சேர்” என்றார். வழக்கத்தின்படி தந்தையின் இனத்தையே எழுதச் சொன்னார். சொன்ன குரலிலே தயக்கம் இருந்தது.

இத்தகைய சிக்கல் இருப்பதனாலேயே இன வினாவை அடியோடு நீக்கிவிடலாம் என்போரும் உளர். அவர்களது அச்சம் காரணமற்றதன்று. றுவாண்டாவில் 1930களிலே பெல்ஜிய ஆட்சியினர் அடையாள அட்டையில் ஹூட்டு, துட்சி எனப் பொறித்தனர். 1994ஆம் ஆண்டுப் படுகொலையிலே வீதித் தடைகளில் அவ்வட்டையைக் காட்டியவரின் உயிர் அதிலுள்ள ஒரு சொல்லில் தங்கிற்று. கொழும்பிலே 1983 ஜூலையிற் கலகக்காரர் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடினர். அவ்விடாப்பில் இனம் குறிக்கப்படுவதில்லை, பெயர்களே போதுமாயிருந்தன. தென்னிலங்கையில் வியாபாரம் செய்த எங்கள் தீவாருக்கு இது கேள்விச் செய்தி அன்று.

அவர்களும் அவர்தம் பிள்ளைகளும் இன்று பிரான்சிலும் இங்கிலாந்திலும் கனடாவிலும் பரந்து வாழ்கின்றனர். ஒரே ஊரார்க்கு மூன்று நாடுகளில் மூன்று விதமான பத்திரங்கள். பிரான்சிலே குடிசன மதிப்பு இனத்தைக் கேட்பதேயில்லை. பிறந்த நாடும் குடியுரிமையும் மாத்திரமே கேட்கப்படும். ஆகவே பாரிசில் எத்தனை தமிழர் உளர் என்று அரசாங்கமே திட்டமாகச் சொல்ல இயலாது. யாழ்ப்பாணத்தாரும் மாத்தறையாரும் அங்கே இலங்கையிற் பிறந்தோர் என்ற ஒரே வரிசையில் நிற்பர். பாகுபாட்டால் துன்புற்றவர் அதனை எண்கொண்டு மெய்ப்பிக்க விரும்பினால், எண் கிடையாது. இங்கிலாந்திலே 1991 முதல் இன வினா உண்டு. அங்கு இந்தியர், பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர் ஆகியோருக்குத் தனிக் கட்டங்கள். எங்களவரோ ‘வேறு ஆசியர்’ என்ற கட்டத்தைத் தேடி அருகிலே தமது பெயரை எழுதவேண்டும். இலங்கையர் என்று எழுதுவோர் ஒரு வரியிலும் தமிழர் என்று எழுதுவோர் வேறு வரியிலும் போய்ச் சேர்வதால், தொகை இரண்டாகச் சிதறும்.

கனடாவின் முறை வேறு. முன்னோரின் மூலம் யாது என்று வினவி, வெற்றிடம் விட்டிருப்பர். ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களையும் எழுதலாம். ஒரே வீட்டிலே பாட்டி ‘இலங்கைத் தமிழர்’ என்றும், பேர்த்தி ‘தமிழர், கனேடியர்’ என்றும் எழுதினால் இருவரும் அவ்வவ்வாறே எண்ணப்படுவர். இவ்வாறு எண்ணும்போது எல்லா வரிகளையும் கூட்டினால் மொத்தம் சனத்தொகையை மீறும். கணக்கு வழக்கில் ஒழுங்கை விரும்புவோர்க்கு இது தொல்லையாகத் தோன்றும். ஆயினும் அங்குள்ள அதிகாரிகள் அத்தொல்லையைப் பல ஆண்டுகளாகத் தாங்கிக்கொண்டு மதிப்பை நடத்தி வருகின்றனர். எங்கள் குடிசன மதிப்புப் பத்திரத்திலோ இன்னும் ஒருவருக்கு ஓர் இனந்தான். பதுளைத் தாய்க்கும் தீவகத் தந்தைக்கும் பிறந்த பிள்ளைக்கு இரண்டாவது கோடு வரையப்படவில்லை.