மாத்திரைக்கு முன்னால் ஒரு ஸ்கேன்

"அக்கா, சீக்கிரம் ஒரு பிரஷர் மாத்திரை குடுங்க. எங்க நைனாவுக்கு வாய் ஒரு பக்கமா இழுக்குது."

கனகம்மாசத்திரத்தில் நெடுஞ்சாலை ஓரமாக மருந்துக் கடை நடத்தும் எனக்கு இந்தப் பதற்றம் பழகிப்போன ஒன்று. சென்னை-திருப்பதி சாலையில் ஒரு பக்கம் திருத்தணி, இன்னொரு பக்கம் திருவள்ளூர், நடுவில் நாங்கள். சுற்றுப்பட்டு ஊர்களில் யாருக்காவது கை கால் இழுத்துக்கொண்டால், வீட்டில் உள்ள பையன் பைக்கை எடுத்துக்கொண்டு முதலில் ஓடி வருவது மருந்துக் கடைக்குத்தான். கையில் பழைய மாத்திரை அட்டை ஒன்று இருக்கும். "இதே மாத்திரைதான் அக்கா, ரெண்டா குடுங்க, போட்டா இறங்கிடும்."

நான் கொடுப்பதில்லை. "தம்பி, அப்பா கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்?" என்று கேட்டு, பதிலை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவன் கையில் கொடுத்துவிட்டு, 108-க்குப் போன் போடுகிறேன். சிலருக்குக் கோபம் வருகிறது. வாசலில் நின்று காரணம் சொல்ல அப்போது நேரம் இருக்காது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

பக்கவாதத்தில் இரண்டு வகை உண்டு. மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் ரத்தக்கட்டி வந்து அடைத்துக்கொள்வது ஒன்று. குழாய் வெடித்து மூளைக்குள் ரத்தம் கசிவது மற்றொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். வாய் கோணும், தூக்கிய கை தானாக இறங்கும், பேச்சு குழறும். எவ்வளவு அனுபவமுள்ள டாக்டரும் வெறும் கண்ணால் பார்த்து இன்ன வகை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சிடி ஸ்கேன்தான் சொல்ல வேண்டும்.

அடைப்பு வந்த நேரத்தில் பிரஷர் ஏறுவதற்குக் காரணம் இருக்கிறது. ரத்தம் கிடைக்காமல் தவிக்கும் பகுதிக்கு, பக்கத்துச் சிறு குழாய்கள் வழியாகவாவது கொஞ்சம் ரத்தத்தைத் தள்ளிவிட உடம்பு பாடுபடுகிறது. அந்தச் சமயம் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துப் பிரஷரைச் சடாரென்று இறக்கினால், பிழைக்கக்கூடிய மூளைப் பகுதியும் சேர்ந்து சாகலாம். கசிவாக இருந்தாலோ நிலைமை நேர்மாறு. அங்கே பிரஷரை எவ்வளவு சீக்கிரம் கட்டுப்படுத்துகிறார்களோ அவ்வளவு நல்லது.

இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2024-ல் வெளியான 'இன்டராக்ட் 4' என்ற ஆய்வு சீனாவில் நடந்தது. பக்கவாதம் என்று சந்தேகிக்கப்பட்ட, பிரஷர் மிக ஏறியிருந்த 2,404 பேர். ஒரு பாதிப் பேருக்கு ஆம்புலன்ஸிலேயே ஊசி போட்டுப் பிரஷரை இறக்கினார்கள். மறுபாதிப் பேருக்கு ஆஸ்பத்திரிக்குப் போன பிறகே வழக்கமான சிகிச்சை. மொத்தமாகப் பார்த்தால் இரண்டு பக்கமும் பலன் ஒன்றுதான். ஸ்கேன் முடிவை வைத்துப் பிரித்துப் பார்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. ரத்தக் கசிவு இருந்தவர்களுக்கு ஆம்புலன்ஸ் ஊசி நன்மை செய்திருந்தது. அடைப்பு இருந்தவர்களுக்குக் கெடுதல் செய்திருந்தது. நன்மையும் தீமையும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு, கணக்கில் ஒன்றுமில்லாததுபோல் தெரிந்திருக்கிறது. பயிற்சி பெற்றவர்கள் ஆம்புலன்ஸில் வைத்துச் செய்ததற்கே இதுதான் பலன் என்றால், வீட்டுத் திண்ணையில் படுக்க வைத்துக் கொடுக்கும் மாத்திரை என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆஸ்பிரினும் அப்படித்தான். நெஞ்சுவலிக்கு உடனே கொடுக்கலாம் என்று கேள்விப்பட்டவர்கள் இதற்கும் கேட்கிறார்கள். ரத்தக் கசிவாக இருந்துவிட்டால் அது இன்னும் ஆபத்து. மாத்திரையை விடுங்கள், தண்ணீர், சோடா, காபி எதுவுமே வேண்டாம். தொண்டைத் தசையும் பாதிக்கப்பட்டிருந்தால் குடித்தது நுரையீரலுக்குள் போய்விடும். புறா ரத்தம் தடவுவது, ஆந்திரப் பக்கம் எண்ணெய் போடுகிறவரைத் தேடிக்கொண்டு போவது எல்லாம் எங்கள் பக்கத்தில் இன்றும் நடக்கிறது. தடவுவதால் வரும் தீங்கைவிட, அதற்குச் செலவாகும் நேரத்தை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006-ல் ஒரு கணக்குப் போட்டார். பெரிய அடைப்பு வந்து சிகிச்சை இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன. அடைப்பைக் கரைக்கும் ஊசியை மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் பலன் உண்டு என்று 1995-ல் தெரிந்தது. 2008-ல் அந்த எல்லை நாலரை மணி நேரமாக நீண்டது. பையன் கொண்டுபோகும் துண்டுச் சீட்டில் இருக்கும் மணிக்கு மதிப்பு அங்கேதான். நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்துதான் டாக்டர்கள் எண்ணத் தொடங்குவார்கள், வீட்டார் கவனித்த நேரத்திலிருந்து அல்ல.

எங்கள் ஊர் மாதிரி இடங்களுக்கு நம்பிக்கை தரும் மருந்து டெனெக்டிபிளேஸ். பழைய ஊசியான ஆல்டிபிளேஸை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். டெனெக்டிபிளேஸை சில நொடிகளில் ஒரே தடவையாகச் செலுத்திவிடலாம். சுமார் 1,600 பேரை வைத்துக் கனடாவில் நடந்து 2022-ல் வெளியான ஆய்வில் அது பழைய மருந்துக்குச் சளைத்ததல்ல என்று தெரிந்தது. சென்னை எங்களுக்கு 60 கிலோமீட்டருக்கு மேல். பக்கத்தில் ஸ்கேன் எடுத்து, ஊசியைப் போட்டு, பெரிய அடைப்பென்றால் கட்டியை இழுத்தெடுக்கும் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடலாம் என்பது எவ்வளவு பெரிய விஷயம்! அந்த முறை, தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு மூளைக் குழாயிலுள்ள கட்டியை வெளியே எடுப்பது, 2015 வாக்கில் வந்த ஆய்வுகளுக்குப் பிறகு பரவியது. 2018-ல் வந்த 'டான்' ஆய்வு, தகுதியுள்ள சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட அது உதவும் என்று காட்டியது.

இதைக் குறிப்பாகச் சொல்லக் காரணம், தூக்கத்தில் வரும் வாதம். விடியற்காலை எழுப்பப் போனால் கை வராமல் கிடப்பார்கள். "எப்ப வந்துச்சோ தெரியல, விடிஞ்சதும் ரயில்ல பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போலாம்" என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். அப்படி உட்கார வேண்டாம். எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து, தூக்கத்தில் வந்தவர்களில் சிலருக்கும் ஊசி போடலாம் என்று 2018-லேயே ஐரோப்பிய ஆய்வு ஒன்று காட்டிவிட்டது.

அசாமில் ஸ்கேனையே வண்டியில் ஏற்றிக் கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய அந்த நடமாடும் பக்கவாதப் பிரிவால், சிகிச்சை தொடங்க ஆகிக்கொண்டிருந்த சுமார் 24 மணி நேரம் 2 மணி நேரமாகக் குறைந்தது, சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று கழகம் சொல்கிறது. 2025-ல் வண்டியை அசாம் அரசிடம் ஒப்படைத்தார்கள். திருத்தணி, பள்ளிப்பட்டு பக்கத்துக் கிராமங்களுக்கு அப்படி ஒன்று வந்தால் என்று நான் ஆசைப்படுகிறேன். வரும்வரை நமக்கு 108 இருக்கிறது. போனில் "மயக்கம்" என்று சொல்லாமல், வாய் கோணியதையும் கை விழுந்ததையும் அப்படியே சொல்லுங்கள். ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகப் போக அது உதவும்.

இன்னொரு வகை ஆட்கள் சிரித்துக்கொண்டே கடைக்கு வருவார்கள். "காலையில கை மரத்துப் போச்சு, பேச்சு வரல. பத்து நிமிஷத்துல சரியாப் போச்சு, ஒரு சத்து மாத்திரை குடுங்க." எனக்கு அதிகப் பயம் இவர்களைப் பார்த்தால்தான். அது வந்து போன சிறு அடைப்பாக இருக்கலாம். பெரிய அடைப்பு அடுத்த இரண்டு மூன்று நாளிலேயே வரக்கூடும். ஆக்ஸ்போர்டில் 2007-ல் வெளியான ஆய்வில், இப்படி வந்தவர்களுக்குத் தாமதமில்லாமல் சிகிச்சை தொடங்கியபோது, 90 நாட்களுக்குள் மறுபடி பக்கவாதம் வருவது 10.3 சதவீதத்திலிருந்து 2.1 சதவீதமாகக் குறைந்தது. "சரியாப் போச்சு" என்ற அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் பிரஷர் மாத்திரை எதற்கு? வாதம் வருவதற்கு முந்தைய எல்லா நாட்களுக்கும்! 32 நாடுகளில் நடந்த 'இன்டர்ஸ்ட்ரோக்' ஆய்வு 2016-ல் சொன்னபடி, பக்கவாதத்துக்கான காரணங்களில் முதலிடம் உயர் ரத்த அழுத்தத்துக்கு. சுமையில் கிட்டத்தட்டப் பாதி அதன் பங்கு. அந்தப் பையன் கொண்டுவந்தது பழைய அட்டைதானே, நோய் அங்கேதான் வளர்ந்தது. தலைசுற்றல் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்க விரதம் என்று நிறுத்தி, பிறகு மறந்தே போகிறார்கள்.

ஒருமுறை வாதம் வந்தவர்களுக்குக் குறுஞ்செய்தியும் வீடியோவும் புத்தகமும் கொடுத்து நினைவூட்டினால் மறுபடி வராமல் தடுக்கலாமா என்று இந்தியாவில் 31 மையங்களில் 4,298 பேரிடம் சோதித்தார்கள். 2023-ல் வெளியான முடிவில், ஓராண்டில் மறுதாக்குதல் குறையவில்லை. மாத்திரையை ஒழுங்காகப் போட்டவர்கள் மட்டும் சற்று அதிகமாக இருந்தார்கள். செய்தி அனுப்பினால் போதாது, ஆள் போக வேண்டும் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அரசுத் திட்டத்தின் ஊழியர்கள் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள், கை கால் விழுந்தவர்களுக்கு இயன்முறைப் பயிற்சியும் வீட்டிலேயே கிடைக்கிறது. என்னிடம் வாங்குகிறவர்களின் மாத்திரை தீரும் தேதியை நான் நோட்டில் குறித்துவைக்கிறேன். தேதி தாண்டினால் போன் செய்கிறேன். "அரசாங்க மாத்திரை வீட்டுக்கே வருதுக்கா, அதனாலதான் வரல" என்று யாராவது சொன்னால், எத்தனை மாத்திரை மிச்சம் என்று கேட்டுவிட்டு, பெயரை அடித்துவிடுகிறேன்.