பாலாற்று நீர் வளர்த்த வாலாஜா வட்டாரம்

ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிப் பாலாற்றின் வடகரையில் அமைந்துள்ள வாலாஜாபேட்டை, 1856இல் சென்னை இராயபுரத்திலிருந்து இவ்வூரை நோக்கிப் புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயிலாலும், 1866இலேயே பெற்ற நகராட்சித் தகுதியாலும் அறியப்பட்ட ஊராகும். ஆயினும் 2019இல் உருவான இராணிப்பேட்டை மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வட்டாரத்தின் வரலாறு நவாபுகளுக்கும் மிக முந்தையது. அதனை ஏரிக்கரைகளிலிருந்தே தொடங்க வேண்டும்.

பாலாறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடந்தாலும் மணலுக்கடியில் நீரோட்டம் உடையதாதலால், உழவர்கள் ஆற்றுப்படுகையில் ஊற்றுக்கால் தோண்டி அந்நீரை வயலுக்குக் கொணர்ந்தனர். சில நாட்களே நிலைக்கும் வெள்ளத்தைத் தேக்குவதற்கு ஏரிகள் வேண்டியிருந்தன. ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் மகேந்திரவாடியில் பாறையைக் குடைந்து திருமாலுக்குக் கோயில் எடுத்தபோது, அது மகேந்திர தடாகம் என்னும் ஏரியின் கரையில் அமைந்ததை அங்குள்ள கல்வெட்டிலேயே பொறித்துவைத்தான். அவனிநாராயணன் என்று பட்டம் பூண்ட மூன்றாம் நந்திவர்மன் காலத்ததாகக் கருதப்படும் காவேரிப்பாக்கம் ஏரி, தமிழகத்தின் மிகப் பெரிய ஏரிகளுள் ஒன்றாக இன்றும் பாசனம் தருகிறது. பின்னாளில் வாலாஜாவை அடுத்துப் பாலாற்றின் குறுக்கே கட்டப்பட்ட அணைக்கட்டிலிருந்து மகேந்திரவாடி, காவேரிப்பாக்கம், சக்கரமல்லூர், தூசி ஆகிய நான்கு கால்வாய்கள் பிரிந்து செல்கின்றன. ஏரி நிரம்பினால் மிகுநீர் கடைவாசல் எனப்படும் போக்கிடத்தின் வழியே வெளியேறிக் கீழுள்ள ஏரியை அடைவதால், ஓர் ஊரின் வரத்துக்கால்வாய் தூர்ந்தால் அடுத்த ஊரின் நடவும் பொய்த்துப்போகும்.

இவ்வாறு நீரால் பிணைக்கப்பட்ட ஊர்கள், அறுவடை ஓய்ந்த கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்கினி வசந்த விழா எடுக்கின்றன. பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்தும் நடைபெற்று, இறுதிநாளில் மண்ணால் துரியோதனன் உருவம் பெரிதாக வனையப்பட்டு, அவன் வீழ்வதைக் காட்டும் படுகளம் நிகழ்ந்தபின் தீமிதியுடன் விழா நிறைவுறும். நெசவாளர் ஊரான வாலாஜாவுக்கு இசையிலும் தனி இடம் உண்டு. அய்யம்பேட்டையில் வாழ்ந்து பின் இங்குக் குடியேறிய சௌராட்டிரரும் தியாகராசரின் நேர் மாணவருமான வேங்கடரமண பாகவதர் (1781–1874), தம் மகனுடன் சேர்ந்து குருவின் கீர்த்தனைகளை எழுதிக் காத்திராவிடில், அவற்றுள் பல நமக்குக் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

ஏரியையும் ஊற்றையும் நம்பிய இவ்வட்டாரத்தில், ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட பழைய முறையின் இடத்தைக் குரோமிய உப்பு பிடித்தபின், கழிவு நிலத்தடி நீரில் கலந்து கிணறுகளைக் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற நெறியை 1996இல் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. தோல் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடுவது உண்மையே. எனினும் அதன் கழிவுக்கான விலையைக் கிணற்றுக்குரிய உழவர் செலுத்துவது நியாயமாகாது.

மகேந்திரவாடிக் குடைவரை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அங்குள்ள கல்வெட்டு கோயிலோடு சேர்த்தே பெயர் சொல்லும் ஏரியையும், அதற்கு நீர் கொணரும் கால்வாயையும் மரபுச் சின்னங்களாக அறிவித்து அரசும் ஊராரும் காக்க வேண்டும்.